கர்ஜாலிக்காரியும் நானும்

2009இல் விம்பிள்டனில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆசிரியை எங்களைச் சோடி சோடியாக இருத்தினார். பக்கத்தில் இருப்பவரின் ஊரை விசாரித்து அடுத்த வகுப்பில் பேச வேண்டும்: எங்கே இருக்கிறது, என்னென்ன பட்டணங்கள், யார் வாழ்கிறார்கள்.

எனக்கு வாய்த்தவள் பல்கேரியாவின் கர்ஜாலி மாகாணத்துக்காரி. என் வயதுதான். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தாள்.

"நாட்டின் தெற்கு மூலை. மலையைத் தாண்டினால் கிரேக்கம்" என்றாள். ஆர்தா என்ற ஆறு, அதை மறித்துக் கட்டிய அணைகள். கர்ஜாலிதான் பெரிய பட்டணம். ஆர்தினோ, ஜெபெல் போன்றவை ஒரு கடைத்தெருவோடு முடிந்துவிடுமாம். மலைச்சரிவெல்லாம் புகையிலை. எங்கள் யாழ்ப்பாணத்திலும் புகையிலைதான் என்றதும் இருவரும் சிரித்தோம்.

சனத்தொகையைப் பற்றிக் கேட்டபோது அவள் சிரிப்பு நின்றது. அங்கே பாதிக்கு மேல் துருக்கியர், அவளும் துருக்கிச்சி. சிறுமியாக இருந்தபோது அரசாங்கம் அவர்களுடைய பெயர்களை மாற்றிப் பல்கேரியப் பெயர் வைத்தது. 1989இல் பெருந்தொகையானோர் துரத்தப்பட்டு எல்லை தாண்டித் துருக்கிக்குப் போனார்கள். அவர்கள் சுற்றுலாப் போகிறார்கள் என்றுதான் அரசாங்கம் சொன்னதாம். அவளுடைய குடும்பம் பிறகு திரும்பி வந்தது. பல வீடுகள் பூட்டியே கிடந்தன.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். அந்த ஆண்டு வன்னிப் போரில் எங்கள் சனத்துக்கு நடந்ததை நினைத்து, அவளுடைய கதையோடு என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு அவள் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசினாள். கடலேரி, பனை, கோவில்கள், தேவாலயங்கள். எல்லாம் நான் சொன்னவை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "இணையத்தில் ஒரு பள்ளிவாசலின் படம் பார்த்தேன். நீ அவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே, அவர்கள் எங்கே?" என்று கேட்டாள்.

வகுப்பே என்னைப் பார்த்தது.

"அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்" என்றேன்.

"ஓகோ" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"நீர் சொன்னது சரிதானே. பிறத்தியாருக்கு முன்னால அதையேன் கிளறுவான்? எங்கட சனம் இப்ப முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்குது."

"அவையள் போகேல்லையப்பா. போகச் சொன்னது எங்கட ஆக்கள். நான் வீதியில நிண்டு பாத்தனான்."

"நீர் அப்ப சின்னப்பிள்ளை."

"அவளும்தான் அப்ப சின்னப்பிள்ளை."

அவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார்.

அடுத்த கிழமை வகுப்பு முடிந்ததும் அவளோடு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். 1990இல் எங்கள் ஊர் முஸ்லிம்களை எங்கள் இயக்கத்துப் போராளிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றியதைச் சொன்னேன். நகையையும் காசையும் பறித்துக்கொண்டு, உடுத்த உடுப்போடு அனுப்பினார்கள் என்றேன். என் வகுப்புத் தோழி ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் போனாள் என்றேன். இங்கிலிஷ் தடக்கியது. சரியான சொல் வராத இடங்களில் அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சொற்களெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன.

அவளுடைய பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"நாங்கள் புறப்பட்ட அன்று பக்கத்து வீட்டுப் பல்கேரியக்காரி எங்கள் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனாள்" என்றாள். "அழுதுகொண்டே அவிழ்த்தாள். ஆனாலும் கொண்டுபோனாள். உன் தோழி போனபோது உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிட்டப் போய் ஏதாவது சொன்னீர்களா?"

"இல்லை. அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா."

அவள் தலையசைத்தாள். அடுத்த பஸ்ஸில் கையைக்கூட அசைக்காமல் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு போலந்துக்காரியின் பக்கத்தில் இருக்கத் தொடங்கினாள். என்னைக் கண்டால் வணக்கம் சொல்வாள். நானும் சொல்வேன். அவளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்த நாட்களிலும் நான் பின்வரிசைக்கே போனேன்.