சோதனைப் பட்டியலில் தம்பியின் எண்

எங்கள் மொபைல் கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரருக்கு ‘ஹலோ அக்கா’ என்றுதான் பெயர். நெட்வொர்க்கின் எஸ்எம்எஸ், காலர் டியூன், இருப்பிடத் தகவல் எல்லாவற்றையும் வெளியாட்களின் செயலிகளுக்குத் திறந்துவிடப் போவதாக மேலாளர் சொன்னபோது, “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற கதைதான்” என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? வருகிற செயலியை முதலில் சோதனை எண்களில் ஓட்டிப் பார்த்து அனுமதிப்பது அக்காவின் வேலையாயிற்று. நாள் முழுக்க ஹலோ, ஹலோ.

சோதனைப் பட்டியலில் இருக்கும் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். விபத்தில் இறந்துபோன தன் தம்பியின் எண்ணை அக்கா சத்தமில்லாமல் அதில் சேர்த்திருந்தார். அவன் சிம் இரண்டாக உடைந்து போலீஸ் கவரில் வந்தது. எண்ணாவது அவனுடையதாக இருக்கட்டுமே என்ற ஆசை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை வந்த செயலி, வீட்டு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுவது. சிம்மே இல்லாத எண்ணுக்குப் புள்ளி வரக்கூடாது. தம்பியின் எண்ணுக்கு வந்தது. விபத்து நடந்த பாலத்தில் நின்றது. மறுநாள் பஸ் நிலையம். புதன்கிழமை மருந்துக்கடை முக்கு.

“செயலி தப்புக்கா. நிராகரிச்சுடுங்க.”

“தப்புன்னா கண்டபடி ஓடும்டி. இது நடந்து வருது.”

வியாழன் மத்தியானம் மேலாளர் எங்கள் திரையைப் பார்த்துவிட்டார். “சிம் இல்லாத நம்பர் பட்டியல்ல எதுக்கு? அஞ்சு மணிக்குள்ள எடுத்துடும்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எடுத்தால் அது யாரோ ஒருவருக்குப் போய்விடும். பாவி மனுஷன், என்னிடமா சொல்ல வேண்டும்!

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் புள்ளியை உற்றுப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தார்.

“எங்கக்கா போறீங்க?”

“பழைய வீட்டு வாசல்ல நிக்கிறான்டி. நான் வீடு மாத்தினது அவனுக்குத் தெரியாதே!”

அக்கா அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் நேரம், நாலரைக்குப் புள்ளி நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகத்தில், தெருத்தெருவாக. சாலையைக் கடக்கும் இடத்தில் வெகுநேரம் தயங்கி நின்றது. பிறகு அக்காவின் புது வீட்டுக்குப் போய் அடங்கியது.

ஐந்து மணிக்கு மேலாளர் கதவருகே நின்று, “எடுத்தாச்சா?” என்றார்.

“எடுத்துட்டேன் சார்” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். வேலை போனால் போகட்டும். இப்போதுதான் வீடு வந்து சேர்ந்த பிள்ளையை வெளியே தள்ள எனக்குக் கை வரவில்லை.