லென்ஸ் இல்லை என்றது கேமரா

என் மனைவி வெர்னா முப்பது வருடம் அமெரிக்காவின் டுலூத் நகரில் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். நாய்க்கும் பனிக்கும் அசராதவள். ஓய்வு பெற்ற கையோடு ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வாங்கினாள். எதிரே நிற்பவரின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துத் தெளிவாக எடுக்கிற கேமரா. அதோடு வந்த லென்ஸை ஒரே வாரத்தில் கழற்றி அலமாரியில் போட்டாள். இறந்தவர்கள் வீட்டுச் சாமான் விற்பனைகளில் அலைந்து, அவள் பள்ளிக்கூடம் போன காலத்து லென்ஸ்களாக வாங்கி, இடையில் ஒரு வளையம் கொடுத்து மாட்ட ஆரம்பித்தாள். அந்த லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எல்லாவற்றையும் கையால்தான் திருக வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இயல்பாகச் சிரித்ததில்லை. நன்றிநாள் விருந்தில் வான்கோழி ஆறிக்கொண்டிருக்கும், நாங்கள் பதினோரு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"இரு, இரு... ஆர்டெல், மூச்சு விடாதே! இப்பதான் கண்ணு தெளிஞ்சுது, நீ ஆடினதுல காதுக்குப் போயிடுச்சு," என்று என்னை அதட்டுவாள்.

"கேமராவுக்கே எல்லாம் தெரியுமே வெர்னா. அதை அது வேலையைப் பாக்க விடேன்."

"அது பாக்கறதுக்கு நான் எதுக்கு?" என்பாள்.

பனித்தளத்தில் கனத்த கல்லை வழுக்கி விட்டு விளையாடுவது கர்லிங். போன பிப்ரவரியில் எங்கள் கர்லிங் மன்றத்துப் பெண்கள் அணி முதல்முறையாக மாநில இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எங்கள் அரங்கிலேயே ஆட்டம். அணித் தலைவி லவோன், வெர்னாவிடம் படம் எடுக்கச் சொன்னாள். நான் கெஞ்சினேன்.

"கல்லு வழுக்கிட்டு ஓடும்டி. அது உன் திருகலுக்காக நிக்காது. இன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் புது லென்ஸைப் போடு."

"கல்லு எங்க வந்து நிக்கும்னு தெரியும். அங்க முன்னாடியே திருகி வெச்சுட்டுக் காத்திருப்பேன். நீ காபி வாங்கிட்டு வா."

சொன்னபடியே நன்றாகத்தான் எடுத்தாள். கடைசிச் சுற்றுக்கு முன்பு வரை. அந்த இடைவேளையில் பட்டன் ஏதோ ஒட்டுகிறது என்று கேமராவின் மெனுவுக்குள் நுழைந்து எதையோ அமுக்கி, அதன் எல்லா அமைப்புகளையும் கடையில் வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுபோய்விட்டாள். அது அவளுக்கே தெரியவில்லை.

ஆட்டம் சமநிலை. லவோன் கடைசிக் கல்லை விட்டாள். கல் தூரம் போக, இரண்டு பெண்கள் அதன் முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே கூட ஓடினார்கள். கல் இலக்கு வட்டத்தின் நடுவில் போய் நின்றது. அரங்கம் கூரை பறக்கக் கத்தியது. வெர்னா பட்டனை அமுக்கினாள். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினாள். திரையில் ஒரு வரி: லென்ஸ் இணைக்கப்படவில்லை.

"இல்லையா? அரைக் கிலோ கனத்துல மூக்குக்கு முன்னாடி தொங்குதே, இது என்ன உருளைக்கிழங்கா?" என்று கேமராவைப் பார்த்து அலறினாள்.

லவோன் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "கிடைச்சுதா? நான் கையைத் தூக்கினது விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழல, லவோன்."

"ஒண்ணுமேவா? நாப்பது வருஷம் விளையாடி ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருக்கேன்!"

அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. நானும் என் பங்குக்குத் திட்டினேன். வெர்னா மூலையில் உட்கார்ந்து, லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று கேமராவுக்கு ஆணையிடும் வரியைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி போட்டாள். நிமிர்ந்தபோது எல்லோரும் பீர் குடிக்க மாடிக்குப் போயிருந்தார்கள். தோற்ற அணியின் தலைவி ஜெனீவ் மட்டும் பெஞ்சில் ஒரு காலணியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெர்னா அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தாள். நிதானமாகத் திருகி, ஒன்றே ஒன்று.

மன்றத்துச் சுவரில் இப்போது தொங்குவது யாரோ கைப்பேசியில் எடுத்த கலங்கல் படம். லவோனின் கை மட்டும் தெரிகிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் வெர்னா தலையைக் குனிந்துகொள்வாள். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

ஏப்ரலில் ஹிப்பிங் ஊரிலிருந்து ஜெனீவ் கூப்பிட்டாள். வெர்னா அனுப்பிய தன் படத்தை அப்பா பார்த்தாராம். அவரையும் அதே போல் எடுக்க வேண்டும் என்கிறாராம். சுரங்கத்தில் உழைத்த மனிதர், வயது தொண்ணூற்று மூன்று. ஒன்றரை மணி நேரம் நான்தான் வண்டி ஓட்டினேன். அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து வெர்னா திருகினாள், திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள்.

கிழவர் ஆல்டோ என்னைப் பார்த்தார். "என்னப்பா, நான் சாகறதுக்குள்ள எடுத்துடுவாளா?"

"உறுதி சொல்ல முடியாதுங்க," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தெளிவாக விழுந்திருந்தது, ஒவ்வொரு சுருக்கமும். ஜெனீவ் திரையைப் பார்த்துவிட்டு வெர்னாவைக் கட்டிக்கொண்டாள். திரும்பி வரும் வழி முழுக்க வெர்னா மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். போகிற வழியில் ஒரு வீட்டில் சாமான் விற்பனை இருக்கிறது, ஐந்தே நிமிடம் நிறுத்து என்றாள். நிறுத்தினேன். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று.