ஆடி மாதத்தைப் பூட்டியவள்

எங்கள் அண்ணாமலை நகர் வீட்டு மாடியில் குடியிருக்கிற நஜியாவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கலியாண மண்டபக்காரர்கள் தேதி குறிக்கிற நோட்டு இருக்கிறதே, அதைக் கம்ப்யூட்டரில் நடத்திக் கொடுப்பது அவள் தொழில். கடலூரிலிருந்து கிள்ளை வரைக்கும் பதினோரு மண்டபம் அவளிடம். கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான் இல்லை அது. எங்கேயோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். மாசச் சந்தா கட்டுகிறவர்கள் அவரவர் போனில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மேலே ஒரே டாங்கி, கீழே பதினோரு குழாய் என்று சொல்லிவைத்தாள். எனக்கு அது போதும்.

மண்டபக்காரர்களிடம் போனில் அவளைப் போலப் பொறுமையாகப் பேச ஆள் கிடையாது. "மாமா, செவப்பா இருக்கறது புக்கான தேதி. பச்சய அமுத்துங்க. பச்ச மாமா, பச்ச" என்று அரைமணி நேரம் போகும். நான் அவள் தட்டில் போட்ட தோசை ஆறிவிடும். நான் திட்டிக்கொண்டே இன்னொன்று ஊற்றுவேன்.

சிதம்பரத்தில் மண்டபம் வைத்திருக்கிற கலியமூர்த்தி என் தம்பி. சில வருஷத்துக்கு முன்னால் அவளிடம், "ஆடியில எவன் கலியாணம் பண்றான்? அந்த மாசத்த மூடிடும்மா" என்றான். இவளும் மூடினாள். குழாயை மூட வேண்டியவள் டாங்கியையே மூடிவிட்டாள். பதினோரு மண்டபத்துக்கும் ஆடி சாத்திக்கொண்டது. பத்துப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. ஆடியில் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

பதினோராவது ஆள் கடலூர் முதுநகர் அப்துல் ஹக். இவளை நம்பி முதன்முதலில் சந்தா கட்டிய மனுஷர். ஒரு நாள் காலையில் அவர் போன் வந்தது.

"ஏம்மா நஜியா, என் மண்டபத்துக்கு யாரும்மா ஆடி மாசம் வச்சது?"

அப்போதுதான் இவளுக்குத் தன் தப்பு தெரிந்தது. திறந்துவிட அஞ்சு நிமிஷம் போதும். ஆனால் அங்கே மேனேஜர், மாசம் பூரா சாத்தியிருக்கிறதே என்று சாப்பாட்டுக் கூடத்துத் தரையைப் பேர்த்துப் போட்டுவிட்டார். கேட்டு வந்த பெண் வீட்டாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். பெண் பெயர் அம்ரீன். மாப்பிள்ளை உசாமா கிள்ளைக்காரர், துபாயில் வேலை, பக்ரீதை ஒட்டி இருபது நாள் லீவு. இதை விட்டால் இன்னும் இரண்டு வருஷம். நிக்காஹைப் பள்ளிவாசலில் வைத்துக்கொள்ளலாம். எழுநூறு பேருக்குச் சோறு எங்கே போடுவது?

நஜியா அன்றைக்கே பஸ் ஏறிப் பெண் வீட்டுக்குப் போய், "மேனேஜர் மேல தப்பில்ல, மூடுனது நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரும் திட்டவில்லையாம். அம்ரீன் மட்டும், "அக்கா, அவுங்க டிக்கெட் போட்டுட்டாங்க" என்றதாம். என்னிடம் அதைச் சொல்லித்தான் அழுதாள்.

அழுதுகொண்டே போனில் பதினோரு மண்டபத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எழுநூறு பேர் கொள்ளுகிற மண்டபம் இன்னொன்று காலியாகத்தான் கிடந்தது. என் தம்பியுடையது.

தம்பி பிடிவாதக்காரன். என்னைப் போல என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் நஜியாவும் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டோம்.

"ஆடியில என் மண்டபத்துல வெளக்கு ஏத்துனதில்ல. அடுப்புல கறி ஏறுனதும் இல்ல" என்றான்.

"ஆடி உங்களுக்குத்தான மாமா? அவுங்களுக்குக் கெடையாதே."

"மண்டபம் எனக்குத்தான?"

"சரி மாமா. ஆடிக் கூழுக்கு எனக்குக் கொழம்பு ஊத்துனீங்களே, அந்தக் கருவாடு என்னா, கத்திரிக்காயா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, நீ சும்மா இரு" என்று என்னை முறைத்தான். நான் வாயே திறக்கவில்லை. மண்டபச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்து, "அடுப்ப பின்னாடி மனையில போடச் சொல்லு. உள்ள வேணாம்" என்றான்.

கலியாணத்தன்று தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றது அவன்தான். அப்துல் ஹக் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், என் மண்டபத்த வுட காத்தோட்டமா கட்டியிருக்கீங்க" என்றார். ஒரு வாரம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் நஜியா, "ஆடிய மூடட்டுமா மாமா?" என்று கேட்டாள். "நான் எப்ப மூடச் சொன்னேன்?" என்கிறான்.

இவள்தான் மாறிவிட்டாள். ஒரு தேதியைத் தொடுவதற்கு முன்னால் பதினோரு பேருக்கும் போன் போட்டு, "உங்களுக்கு ஆடி உண்டா, இல்லயா?" என்று ஒவ்வொருவராகக் கேட்கிறாள். தோசை ஆறுகிறது.