பெரியப்பனுக்கு மட்டும் ஒரு டிக்கெட்

எங்கள் தெருவில் யாருக்குக் கோயமுத்தூரில் வேலை இருந்தாலும் போய் வருவது என் பெரியம்மா சின்னத்தாயிதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்று ஆனதிலிருந்து அப்படி. ஒரு வீட்டுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கி வருவாள். இன்னொரு வீட்டுக்காக மில் ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்குத் துணிமணி கொண்டுபோய்க் கொடுப்பாள். தோட்டத்துக்காரர் அப்புசாமிகூட, வாசலில் கார் நிற்க, மோட்டாருக்குப் பேரிங் வாங்க அவளைத்தான் அனுப்புவார்.

"உனக்கென்ன சின்னத்தாயி, சும்மா உக்காந்துட்டுப் போயிட்டு வரப்போற" என்பார்.

அவள் போகிற வழி எனக்குத் தெரியும். தாராபுரத்திலிருந்து நேர் பஸ் சிங்காநல்லூருக்கே வரும். ஆனால் அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். டவுன் பஸ்ஸாகவே போவதென்றால் குண்டடம், பல்லடம், சூலூர் என்று இறங்கி இறங்கி ஏற வேண்டும். நேரம் இரண்டு மடங்கு. எந்த ஊரில் எத்தனை மணிக்கு எந்த பஸ் என்று ஒவ்வொன்றாக விசாரித்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். குடும்பத்தில் முதல் பட்டதாரி, சிங்காநல்லூரில் பம்பு கம்பெனி வேலை. அவளுக்கு எழுத்து தெரியாது, நேரத்தைச் சொன்னால் மறக்கமாட்டாள். நான் படித்த படிப்புக்கு ஊரில் ஒருவருக்காவது பயன் கிடைத்தது என்று பெருமையாகவே இருந்தேன்.

நேர் பஸ் பக்கமே அவள் போகமாட்டாள். ஒரு தடவை தெரியாமல் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டாள். இடுப்பில் காசில்லை. நடத்துனர் விசில் அடித்து, நடு வெயிலில், ஊர் எதுவும் இல்லாத இடத்தில் இறக்கிவிட்டார். பின் சீட்டிலிருந்து ஒருவன், ஓசியிலேயே போய்ப் பழகிப்போச்சு என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். அடுத்த ஊர்வரை நடந்தாள். இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

பெரியப்பன் காளிச்சாமி தென்னை ஏறுகிறவர். எந்நேரமும் வாயில் புகையிலை அடக்கியிருப்பார். தை மாதம் கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. தாராபுரத்தில் பார்த்த டாக்டர், கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"எனக்குன்னா டிக்கெட்டு. நீ சும்மா போற ஆளு. நீயே போயிச் சொல்லிப்போட்டு வா" என்றார் பெரியப்பன்.

அவளும் போனாள். மூன்று முறை போய், வேறொருவர் வாயிலிருக்கும் புண்ணைத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். இவ்வளவு அகலம், கஞ்சி குடித்தால் எரிகிறது, ராத்திரியில் காதுவரை இழுக்கிறது என்றாள். வாயைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, ஆளைக் கூட்டி வா என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை பெரியப்பன் ஒருவழியாகக் கிளம்பினார். அந்த டாக்டர் புதன் மட்டும்தான் வருவார். பதினொரு மணிக்குள் ஆளைக் காட்டி டோக்கன் வாங்க வேண்டும். இரண்டு பேருக்கும் நேர் பஸ்ஸுக்கு ஆகிற பணத்தை முந்தின நாளே அனுப்பியிருந்தேன். நான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலருகே நின்றேன்.

ஒன்பதே காலுக்குப் போன் செய்தபோது பல்லடத்தில் நின்றார்கள். டவுன் பஸ்ஸுக்கு.

"எந்த பஸ் வந்தாலும் ஏறுங்க பெரிம்மா. காசிருக்குதில்ல?"

"இருக்குது சாமி. செரி சாமி" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியப்பன் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எட்டே முக்கால் டவுன் பஸ் வரவேயில்லை. கோயமுத்தூர் போகும் நேர் பஸ் மூன்று, எதிரிலேயே நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயின. அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல ஏறிக்கலாம் புள்ள."

"நம்ம பஸ்ஸு வந்துருமுங்க."

மூன்றாவது பஸ் கிளம்பும்போது அவர் படிக்கட்டுவரை போய்விட்டார். அவள் துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். டவுன் பஸ் பத்து மணிக்கு வந்தது. அதில் அவருக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்தாள்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. நான் உள்ளே போய்க் கெஞ்சினேன், ஆங்கிலத்திலும் கெஞ்சினேன். அடுத்த புதன் என்றார்கள். பெரியம்மாவிடம் கோபமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டேன். அவள் நான் அனுப்பிய பணத்தைச் சேலைத் தலைப்பு முடிச்சிலிருந்து அவிழ்த்து என் கையில் திணித்தாள்.

அடுத்த புதன் பெரியப்பன் வரவில்லை. போயாச்சு, பார்க்கவில்லை, இனி எதற்கு என்றார். பெரியம்மா கெஞ்சினாள், அழுதாள், இரண்டு நாள் சோறு பொங்காமல் கிடந்தாள். அவர் அசையவில்லை. ஆனி பிறந்தபோது வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கழுத்தில் கட்டி தெரிந்தது. நானே ஊருக்குப் போய், நேர் பஸ்ஸில் மூன்று டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்தேன். வழி முழுக்கப் பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். தையிலேயே புண் வந்ததென்றால் ஏன் அப்போதே கூட்டி வரவில்லை என்று கேட்டார்.

"வந்தமுங்க சார்" என்றாள் பெரியம்மா. "பஸ்ஸு வர்லீங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நீங்கள் படித்தவரா என்று கேட்டுவிட்டு, மீதியை ஆங்கிலத்தில் சொன்னார். தாடை எலும்பைத் தாண்டிப் போய்விட்டது, ஆபரேஷனுக்கு இடமில்லை, பேலியேட்டிவ் கேர் என்றார். கல்லூரியில் அந்த வார்த்தையை நான் படித்ததில்லை. ஆனாலும் புரிந்தது.

வெளியே பெஞ்சில் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் என்ன சாமி சொன்னாரு?"

"வலிக்கு மருந்து தர்றாங்களாம், பெரிம்மா."

"புண்ணுக்கு?"

நான் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பெரியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். எங்களுக்காக நிற்காமல் வாசலைப் பார்த்து நடந்தார்.