அம்மாவைக் கணக்கில் எடுத்த கேள்வி

அம்மா போன பிறகு காபித் தோட்ட வேலையே எனக்குக் கசந்துவிட்டது. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதிப் பாஸானால் சேலத்தில் வேறு வேலைக்குப் போகலாம் என்று படிக்க உட்கார்ந்தேன். ஆனால் இந்த உரைப்பகுதிக் கேள்விகள் உயிரை வாங்கின. யாரோ எதையோ வாதாடுவார். அது சரியா என்று நான் சொல்ல வேண்டுமாம்.

அன்றைக்கு வந்த பகுதி இது: "மலைக்காற்று தூய்மையானது. அதனால் மலையில் வாழும் எவருக்கும் மூச்சு நோய் வருவதில்லை." இந்த வாதத்தை உடைக்கும் தகவல் எது என்று கேட்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா எங்கள் மலையூரான வாழவந்தியை விட்டு வேறெங்கும் வாழ்ந்ததில்லை. மூச்சு விட முடியாமல்தான் செத்தாள்.

எரிச்சலில், "நகரங்களில் புகை அதிகம்" என்ற விடையை டிக் அடித்தேன். டியூஷன் எடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, 'மலையில் ஒருவருக்கு மூச்சு நோய் வந்தது'ன்னு கீழயே இருக்குதே?"

"ஏனுங்கக்கா, ஒருத்தருக்கு வந்தா அது கணக்குல வருங்களா? எங்கம்மாளுக்கு மட்டுந்தான் இப்படின்னு ஊரே சொல்லுச்சுங்களே!" என்று கத்திவிட்டேன்.

"எம்மேல எதுக்கு பாயற? நானா இதை எழுதுனேன்? எவருக்கும் வராதுன்னு அந்த ஆளு எழுதிட்டான்ல, ஒருத்தருக்கு வந்திருந்தாலே போதும் சாமி. அவன் பேச்சு நிக்காது."

பழைய விடையை அடித்துவிட்டு அக்கா காட்டியதை டிக் செய்த வேகத்தில் தாள் கிழிந்தது. அம்மாவின் நோயை அதுவரை யாரும் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. அந்தப் பாழாய்ப்போன கேள்வி எடுத்தது.