தானாக இறங்கிய கயிறு

சோழவந்தான் பக்கம் எந்தக் கிணற்றில் பம்புசெட்டு மக்கர் செய்தாலும் மெக்கானிக் காளையைத் தேடித்தான் ஆள் வரும். அந்தக் கோடையில் சொந்தக் கிணறே மக்கர் செய்தது. அடிச்சேறு கலங்காமல், மார்பளவுத் தண்ணீரில் குப்புற மிதந்து குழாயின் அடிமுனை ஃபுட்வால்வை முடுக்கலாமென்று, அக்குளுக்கு ஒன்றாக இரண்டு காலி டின்களைக் கயிற்றால் கட்டி இறங்கினார். கால் தொங்கிச் சேற்றைக் கலக்கியது.

குடத்தோடு வந்த மனைவி ஒச்சாயி எட்டிப் பார்த்தாள். “அக்குள்லயா கொடம் தூக்குவாக? எறக்கி இடுப்புல கட்டுங்க.”

“எனக்கே தொழில் சொல்லித் தாரியாக்கும்” என்று சீறினார். அவள் தலை மறைந்ததும் கயிற்றை இடுப்புக்கு இறக்கினார். கால் மேலெழுந்து உடம்பு பலகையாய் மிதந்தது. தண்ணீர் தெளிந்ததும் வேலை முடிந்தது.

மேலே வந்தவர், அவள் கேட்காமலேயே, “கயிறு தானா நழுவிருச்சு” என்றார்.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டபடி ஒச்சாயி சொன்னாள்: “நழுவுன கயிறு ரெண்டு முடிச்சும் போட்டுக்கிருச்சாக்கும்.”