பனி ஏரியில் துண்டு வீசிய கதை

நேற்று திருப்பரங்குன்றம் வீட்டில் ஃப்ரீசரைத் திறந்து, ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்ட வஞ்சிரத்தைத் தோசைக்கரண்டியால் நெம்பிக்கொண்டிருந்தேன். "மீன் வேணுமா, ஃப்ரிட்ஜ் வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்றாள் மனைவி. ஐயா ஐஸில் மீன் பிடிக்கப் போன அனுபவஸ்தர் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

கனடாவில் நான் ஐந்து வருஷம் குப்பை கொட்டியபோது நடந்தது. என்னோடு தங்கியிருந்தவர் முத்தையா, வாடிப்பட்டிப் பக்கம். கண்மாய் மீனைத் தவிர மற்றதெல்லாம் ரப்பர் என்பார். அவர் ஊர்க் கண்மாய் வற்றும்போது வருஷம் ஒருநாள் மீன்பிடி உண்டு. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசும்வரை யாரும் கால் நனைக்கக் கூடாது. வீசியதும் ஊரே கத்திக்கொண்டு இறங்கிச் சேற்றைக் கலக்கும். பிடித்ததை விற்கக் கூடாது. மீன் கிடைக்காத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் ஒன்று கொடுத்துவிட வேண்டும்.

அந்த வருஷ மீன்பிடிக்கு முத்தையா இல்லை. எங்களுக்குக் காலை, அங்கே சாயங்காலம். அவர் மனைவி செல்வி போனில் அழுதார். "ஊரே கொழம்பு மணக்குது. நம்ம வீட்டுல அரைச்ச மசாலா அப்பிடியே கெடக்கு. பக்கத்து வீட்டுல குடுத்தாக, வேணாம்னுட்டேன்."

"செத்த நேரம் பொறு. இங்கன பிடிச்சுக் காட்டுறேன்" என்று சவால் விட்டுவிட்டார் இவர்.

உறைந்த ஏரிமேல் நடக்க வேண்டும் என்றதும் நான் கரையிலேயே நின்றுவிட்டேன். "லாரியே நிக்குதுண்ணே. நீங்க எம்புட்டு வெயிட்டு இருப்பீக?" என்றார். அங்கங்கே உள்ளூர்க்காரர்கள் பனியில் ஓட்டை போட்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான எங்கள் எதிர்வீட்டுக் கிழவர் எங்களுக்கும் ஓர் ஓட்டை துளைத்து, குட்டித் தூண்டில் ஒன்றும் தந்தார்.

அரைமணி நேரம் ஆயிற்று. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "இப்பிடி உக்காந்தா என்னைக்கு மீனு வாரது? கலக்கணும்ணே!" முத்தையா எழுந்தார். கழுத்துத் துண்டை உருவி, தலைக்கு மேல் வீசி, "ஏய்ய்ய்!" என்று கத்தியபடி ஓட்டையைச் சுற்றிக் குதித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் குதித்தேன்.

பனி உடைந்து நாங்கள் மூழ்கப்போகிறோம் என்று நினைத்து நாலு பேர் கயிறும் ஏணியுமாக ஓடி வந்தார்கள்.

விஷயத்தை விளக்கியதும் சிரித்துத் தீர்த்தார்கள். கிழவர் மட்டும் தன் வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்து முத்தையா கையில் வைத்தார். முத்தையா தானே பிடித்ததாகப் புளுகுவார் என எதிர்பார்த்தேன். வீடியோவில் மீனைக் காட்டி, "நான் பிடிக்கல செல்வி. பக்கத்துல குடுத்தாக, வாங்கிக்கிட்டேன். நீயும் போயி வாங்கிக்க" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிர் என்று சாதித்தார்.

அந்த ஏரி இப்போது சரியாக உறைவதில்லையாம். முத்தையா ஊர் திரும்பிவிட்டார். கண்மாயில் தண்ணீர் திரும்பவில்லை. அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெரியவர் துண்டை வீசினால் சிக்ஸர் என்று கைதட்டுவார்கள். எல்லார் வீட்டிலும் என் வீட்டைப் போலவே கடை மீன், ஃப்ரீசரில். மீன் கிடைக்காத வீடு என்று ஒன்று இல்லை; அதனால் யாரும் யார் வீட்டுக்கும் ஒன்று கொடுத்துவிடுவதும் இல்லை.